மாசி வரை விறகு

மலைமேல் ஒரு சின்ன மடம் இருந்தது. கல்சுவர், தகரக் கூரை, நடுக்கூடத்தில் பெரிய அடுப்பு. கார்த்திகை பிறந்துவிட்டால் குளிர் எலும்பைத் தேடி வரும் இடம் அது. அந்த அடுப்பை நம்பித்தான் மடமே இருந்தது.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. காய்ந்த விறகு கொஞ்சம்தான் சேர்ந்தது. பச்சை மரத்தில் கத்தி வைப்பது மடத்து வழக்கம் இல்லை. ஒரு நாள் காலை மடத்தை நடத்தும் சாமி எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மாசி வரைக்கும் விறகு தாங்கினா இருப்போம். தாங்கலைன்னா மடத்தைப் பூட்டிட்டு அவங்கவங்க சொந்தக்காரர் வீட்டுக்குப் போவோம். வெயில் வந்ததும் திரும்பலாம்."

மற்றவர்களுக்கு அது நல்ல சேதி. மாடு பார்த்துக்கொள்ளும் சடையப்பனுக்கு மட்டும் அது கெட்ட சேதி.

அவனுக்குச் சொந்தம் என்று இருந்தது தங்கை வீடு ஒன்றுதான். அந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகையில் ஒன்றுவிட்ட சித்தப்பன் பேர் வரைக்கும் இருந்தது. தாய்மாமன் சடையப்பன் பேர் இல்லை. "அச்சாபீஸில் விட்டுப்போச்சு மச்சான்" என்றான் தங்கை புருஷன். தாய்மாமன் பேர் விட்டுப்போகுமா? அன்றைக்கு மலை ஏறியவன்தான். தங்கை மேலே வந்து அழுதபோதுகூட மாட்டுக்கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் கல்யாணப் பெண்ணின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

சமையல் செய்யும் தாண்டவராயன் சும்மா இருப்பானா?

"என்ன தாய்மாமா, மூட்டை கட்டியாச்சா? தங்கச்சி பணியாரம் சுட்டு வச்சிருப்பா."

"உன் வாயில சாம்பலை அள்ளிப் போட" என்று சொல்லிவிட்டுச் சடையப்பன் சாமியிடம் போனான்.

"சாமி, இன்னும் விறகு வேணும். எங்கே போய்க் கேக்கட்டும், சொல்லுங்க."

சாமி அவனைவிட வயதில் இளையவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரு ஊதுபத்தி கொளுத்திக் கொண்டாங்க அண்ணே."

கொண்டுவந்தான். சாமி அதை வாங்கிக்கொண்டு சுவரோரமாக மெதுவாக நடந்தார். பூஜை ஏதோ செய்கிறார் என்று சடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"கும்பிடாதீங்க. புகை எங்கே போகுதுன்னு பாருங்க."

பார்த்தான். நடுச்சுவருக்கு நேரே புகை ஒழுங்காக மேலே ஏறியது. சுவரும் கூரையும் சேரும் இடம் வந்ததும் யாரோ பிடித்து இழுத்தாற்போல் சந்துக்குள் ஓடியது. கதவுக்கு அடியில் பிடித்தபோது கூடத்துக்குள் சாய்ந்தது. உள்ளே வருகிற காற்று கையில் சில்லென்று பட்டது. சன்னல் சட்டத்தைச் சுற்றிலும் அதே கதைதான்.

"இத்தனை வருஷமா யாருக்கு அடுப்பு எரிச்சோம் அண்ணே?"

"நமக்குத்தான்."

"மலைக்கு எரிச்சோம்" என்றார் சாமி.

மறுநாளே சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். காய்ந்த புல்லை நறுக்கி மண்ணோடு மிதித்துச் சந்தெல்லாம் அப்பினான். கதவுக்கு அடியில் சாக்கைச் சுருட்டி வைத்துத் தைத்தான். தகரத்துக்குக் கீழே மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் கனமாகப் புல்லைப் பரப்பி, பொறி பட்டால் பற்றாதபடி அடியில் மண் பூசினான். தாண்டவராயன் தட்டிகளை எடுத்துக் கொடுத்தபடியே கேட்டான்.

"ஏன்யா, தங்கச்சி வீட்டுக்குப் போறது இதைவிடச் சுலபமில்லையா?"

"மண்ணை எடு."

வேலை முடிந்த வாரமே வித்தியாசம் தெரிந்தது. அள்ளி அள்ளிப் போட்டும் போதாத அடுப்பில் இப்போது பாதி விறகு போதும் என்றானது. இரவு மூடிவைத்த கங்கின் கதகதப்பு விடிந்தும் கூடத்தில் இருந்தது. தகரத்திலிருந்து பாயில் சொட்டுகிற பனித்தண்ணீர் நின்றுபோனது. சடையப்பன் அடிக்கொரு தரம் விறகுக் குவியலைப் போய்ப் பார்த்தான். தாயக்கட்டையில் ஜெயிக்கிறவன் முகம் அவனுக்கு.

ஜெயிக்கிறவன் சும்மா இருக்க மாட்டான். கூரை உச்சியில், அடுப்புக்கு நேரே, ஒரு துவாரம் திறந்திருந்தது. அதன் வழியாக எத்தனை சூடு போகிறதோ என்று அவனுக்கு உறுத்தியது. ஒரு சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல், மேலே ஏறி அதிலும் சாக்கைத் திணித்தான்.

விடியும் நேரம் கூடம் முழுக்கப் புகை. தாண்டவராயன் இருமி இருமி மடங்கிவிட்டான். சடையப்பனுக்குத் தலை வெடித்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. சாமி கதவை உதைத்துத் திறந்து எல்லோரையும் பனிக்குள் இழுத்துப் போட்டார். பிறகு நீளக் கழியால் மேலிருந்த சாக்கைக் குத்தித் தள்ளினார்.

"சூடு போயிடுமே சாமி!" என்றான் சடையப்பன், இருமலுக்கு நடுவில்.

"கொஞ்சம் போகும். போகட்டும்."

அதற்குப் பிறகு யாரும் துவாரத்தைத் தொடவில்லை.

மாசி பிறந்தது. குவியலில் இன்னும் விறகு மிச்சம் இருந்தது. யாரும் மடத்தை விட்டு இறங்கவில்லை.

"ஜெயிச்சிட்டேய்யா தாய்மாமா" என்றான் தாண்டவராயன், சுக்குக் காப்பியை நீட்டி.

சடையப்பன் தம்ளரோடு சாமி பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மனசு நிறைந்திருந்தது.

"இந்த வித்தையெல்லாம் யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க சாமி?"

"உங்ககிட்டத்தான்."

"எங்கிட்டயா? எனக்கு நேரா ஒரு ஆணி அடிக்க வராது."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் என்னைக்கோ ஒரு கங்கு போட்டாரு. அதுக்கப்புறம் யாரும் ஒரு சுள்ளிகூடப் போடல. ஆனா அந்தச் சூடு இன்னைக்கும் ஆறல. ஒரு சந்து இல்லாம இந்த மனுஷன் எப்படி அடைச்சு வச்சிருக்காருன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். அதுல பிடிச்சதுதான்."

சடையப்பனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. காப்பி கையிலேயே ஆறியது.

"நான் அடைச்சதுல ஏதும் குறை உண்டா சாமி?" என்று கேட்டான்.

சாமி அண்ணாந்து கூரைத் துவாரத்தைப் பார்த்தார்.

"புகைக்கு வழி வைக்கல அண்ணே."