சின்னச் சூரியன் நெருங்கிய கோடை

"இதுதான் கடைசிக் கப்பல், அம்மா. நீங்களும் வந்துடுங்க," என்றான் நன்னாகன்.

வேண்மாள் வற்றிய ஏரியின் கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயதில் அவனைவிட இளையவள். ஆனாலும் கோள்களின் கணக்கை அவளிடம்தான் அவன் கற்றான்; அந்த மரியாதையில்தான் 'அம்மா' என்பான்.

அந்த உலகத்துக்கு இரண்டு சூரியன்கள். பெரிய சூரியனைத்தான் அது சுற்றியது. சின்னச் சூரியன் எங்கோ தொலைவில் கிடக்கும். பல தலைமுறைக்கு ஒருமுறை கிட்டே வரும்.

இப்போது வந்துகொண்டிருந்தது.

இரவிலும் வெயில் அடித்தது. பயிர் கருகிவிட்டது. ஊரே, இன்னும் தள்ளிச் சுற்றும் வெளிக்கோளுக்கு விண்கப்பல்களில் கிளம்பிக்கொண்டிருந்தது.

"அங்கே குளிர்ச்சியா இருக்காம்," என்றான்.

"உங்க கணக்கு என்ன சொல்லுது?"

அவன் தயங்கினான். "அந்தக் கோளை ரெண்டு சூரியனும் இழுக்குது. சின்னது நெருங்கினா, தடத்தை விட்டே தூக்கி எறிஞ்சிடும்."

"நம்ம கோள்?"

"பெரிய சூரியன் பிடியில இருக்கு. தடம் மாறாது."

"அப்புறம் ஏன் போறீங்க?"

"தடம் மாறாம இருந்தாப் போதுமா? வெந்து செத்துட மாட்டோமா?" அவன் கப்பல்துறைப் பக்கம் கையை நீட்டினான். "என் பொண்ணு எயினி கைக்குழந்தையோட கப்பல் வரிசையில நிக்கிறா. இந்தச் சூட்டைத் தாண்டி இங்கே யாராவது உயிரோட இருந்திருக்காங்களா? அதை மட்டும் சொல்லுங்க!"

துறையில் சங்கு ஊதியது.

வேண்மாள் ஏரிக்குள் இறங்கி நடந்தாள்.

"அம்மா, நேரமில்ல!"

அவள் திரும்பவில்லை. காய்ந்து வெடித்த சேறு உள்ளங்காலைச் சுட்டது. அவன் பின்னாலேயே ஓடினான்.

ஏரியின் நடுவில், தண்ணீர் கடைசியாக வற்றிய பள்ளத்தில், வட்டமாகக் கல் தெரிந்தது. அதன்மேல் காய்ந்த பாசி. அவள் காலால் அதை ஒதுக்கினாள்.

கிணறு.

உள்ளே படிகள் இறங்கின. ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது.

அவள் ஒரு மண்கட்டியைப் போட்டாள். கீழே தண்ணீர் சத்தம்.

"ஏரிக்குள்ள எதுக்குக் கிணறு?" என்றான் நன்னாகன்.

"தண்ணி நிறைஞ்சிருந்தப்பவா வெட்டியிருப்பாங்க? இதுக்கு முன்னாடி இந்த ஏரி எப்போ வத்தியிருக்கும்?"

அவன் படிகளைப் பார்த்தான். குனிந்து, எத்தனையோ கால்கள் தேய்த்த அந்தக் குழிவில் கை வைத்தான்.

துறையில் மறுபடி சங்கு.

அவன் ஓடத் தொடங்கினான். வெடிப்பில் கால் தடுக்கி விழுந்தான். எழுந்து ஓடினான்.

"எயினி! ஏறாத! எயினி!"

தூரத்தில், வரிசையில் ஒரு தலை திரும்பியது.