கெடாத கார்டு

தென்காசியில் ஆவுடையம்மாள் என்றொரு போட்டோகிராபர் இருந்தார். ஊர் முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவரிடம் தொழில் படித்தவர்களில் ஒருவர் முப்பிடாதி, மாஸ்டரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் கேமராவைக் கையில் எடுத்தவர். முப்பிடாதி இவரை மாஸ்டர் என்பார், மாஸ்டர் அவரை அண்ணாச்சி என்பார். சிஷ்யன் அண்ணாச்சியாக வாய்த்துவிட்டால் திட்டுவதைக்கூடக் கொஞ்சம் மரியாதையோடுதான் திட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை மதியம் நெருங்கும் நேரத்தில் முப்பிடாதி ஸ்டுடியோவுக்குள் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"கெடவே கெடாத மெமரி கார்டு எது?"

மாஸ்டர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எதுக்குக் கேக்கீங்க?"

"சும்மாதான். புதுசா ஒண்ணு வாங்கலாம்னு."

சும்மா ஒன்றும் இல்லை. முந்தின நாள் கோயிலில் வைத்துச் சண்முகவேலின் பையனுக்கு முடியிறக்கி, காது குத்தினார்கள். கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. நேர்த்திக்கடன் என்று அவன் தலையில் கத்தரி படாமல் வளர்த்திருந்தாள் தாய்க்காரி. மொட்டை போடுவதற்கு முன்னால் பையனுக்குப் பாவாடை கட்டி, சடை பின்னி, சடை நெடுகப் பூத்தைத்து, பின்பக்கம் தெரியும்படி கண்ணாடி முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார் முப்பிடாதி. பிறகு தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை. அதே மடியில் காதுகுத்து. முப்பிடாதி தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலை அது. நடுவில் கார்டு மாற்றினால் எங்காவது தவறிவிடும் என்று பயந்து, எல்லாம் அடங்கும்படி பெரிய கார்டு ஒன்றைப் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு படம்கூட இல்லை. கேமராவில் செருகினார். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலும் செருகிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. பையன் தலையிலும் முடி இல்லை, கார்டிலும் படம் இல்லை. இனிமேல் எந்தச் சாமி நினைத்தாலும் அந்தப் பூத்தைத்த சடையைத் திரும்ப எடுக்க முடியாது.

ஸ்டுடியோவில் நிற்கும்போதே முப்பிடாதியின் போன் அடித்தது. சண்முகவேல்தான். எடுக்காமல் இருந்தால் சந்தேகப்படுவார் என்று எடுத்தார்.

"அண்ணாச்சி, மச்சான் இன்னைக்கு மூணு மணி வேன்ல திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புதான். மஸ்கட் போயிட்டா மறுபடி எப்போ வருவானோ. அந்தச் சடைப் படமும் மடியில இருக்க படமுமாவது அனுப்புங்களேன். பையன் அம்மா எப்போ வரும்னு பாத்துக்கிட்டே இருக்கா."

"படத்துக்குக் கலர் சரிபண்ணிக்கிட்டு இருக்கேன் தம்பி. இந்தா, முடியப் போகுது."

போனை வைத்தார். மாஸ்டர் லென்ஸுக்கு மூடி போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட முப்பிடாதிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாஸ்டர் எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். உள்ளே இருந்ததெல்லாம் மெமரி கார்டு.

"நீங்களே ஒண்ணு எடுங்க."

முப்பிடாதி பளபளவென்று தங்க எழுத்துப் போட்டிருந்ததை எடுத்தார்.

"இது?"

"பேர் போன கம்பெனி. பில்லோட வாங்கினது. ஒரு நிச்சயதார்த்தம் முழுக்க ஒரு சிணுக்கம் இல்லாம வாங்கிக்கிட்டுது. வீட்டுல வந்து பாத்தா வெறுங்கார்டு."

முப்பிடாதி தேளைத் தொட்டவர் மாதிரி அதைக் கீழே போட்டார். எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒன்றை எடுத்தார். எடுத்தபோதுதான் அது பாதியாக வெட்டியிருப்பது தெரிந்தது.

"இது என்ன மாஸ்டர்?"

"அது நல்ல கார்டு."

"வெட்டியிருக்கே!"

"முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால திரையில எரர் காட்டிச்சு. உடனே கழட்டிட்டு வேற போட்டேன். தாலி கட்டுனது தப்பிச்சுது. மறந்துபோய்த் திரும்பப் போட்டுறக் கூடாதுன்னு வீட்டுக்கு வந்து வெட்டிட்டேன்."

"பெறகு ஏன் வச்சிருக்கீங்க?"

"ஒரு மரியாதைதான்."

வெட்டிப் போட்ட கார்டுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது என்று முப்பிடாதிக்கு எரிச்சலாக வந்தது. மணி வேறு பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அப்போ கெடாத கார்டே கிடையாதா?"

"கிடையாது."

"அப்படின்னா எதைப் பாத்து நம்பி வாங்குறது?"

மாஸ்டர் கையை நீட்டினார்.

"பையில வச்சிருக்கதை எடுங்க."

முப்பிடாதி எடுத்துக் கொடுத்தார். மாஸ்டர் அதைச் செருகி, படங்களை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டார். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. கண்டக்டர் வேலையில் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத பஸ்ஸில் ஒருமுறை நின்றிருக்கிறார் முப்பிடாதி. அன்றுகூட இப்படி வேர்க்கவில்லை. கோடு கடைசிவரை போய் நின்றது. ஒரு படமும் வரவில்லை.

"எல்லாமே போச்சா மாஸ்டர்?"

"போச்சு."

முப்பிடாதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் கோபப்படவில்லை.

"படம் எடுக்கையில இது எதுவும் காட்டலையா அண்ணாச்சி?"

முப்பிடாதி தரையைப் பார்த்தார். அந்த நினைப்பு நேற்றிலிருந்து எத்தனையோ தடவை எட்டிப்பார்த்தது. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காட்டிச்சு," என்றார்.

"எப்போ?"

"பையன் தலையில தண்ணி தெளிச்சிட்டாங்க. மாமன் மடியில இருந்து உதட்டைப் பிதுக்குதான். அந்த நேரம் பாத்து எரர்னு வருது. கார்டைக் கழட்டி, வேட்டி நுனியில துடைச்சு, மறுபடி போட்டேன். எடுத்துச்சு. காதுகுத்துலயும் ஒரு தடவை வந்துது. அதுக்கும் துடைச்சுப் போட்டேன்."

"வேற கார்டு?"

"மரத்தடியில பைக்குள்ள இருந்துது. எடுக்கப் போனா கத்தி வச்சிருவாங்களே மாஸ்டர்! கொஞ்சம் பொறுங்கன்னு சொல்ல வாய் வரலை. புது ஆளு, தடுமாறுதான்னு நினைச்சுட்டா?"

சொல்லிவிட்டு அவரே பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "இதை எனக்கு வித்தவனைச் சொல்லணும். அவன் நல்லா இருப்பானா?"

மாஸ்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"கோயில்ல வேற யாரும் போன்ல படம் எடுக்கலையா?"

"எடுத்தாங்க. எல்லாவளும் எடுத்தா. மாமன்காரனும் எடுத்தான். எனக்கு மறைச்சுக்கிட்டு நின்னாங்கன்னு நானே சத்தம் போட்டேன்."

"வந்த சொந்தமெல்லாம் எங்கே?"

"பாதிப் பேர் அந்த வேன்லயே போறாங்க. போற வழியில இறங்குவாங்க."

"இப்போ கேட்டா அந்தப் படங்களை வாங்கிறலாம். சடைப் படமும் கிடைச்சாலும் கிடைக்கும். மொட்டைத் தலையோட மறுபடி மடியில வச்சு எடுக்கவும் மாமன் இன்னும் ஊர்லதான் இருக்காரு."

இது முப்பிடாதிக்குத் தெரியாததில்லை. தெரிந்ததால்தான் வந்ததிலிருந்து சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மாஸ்டர் சொல்லச் சொல்லுதீங்க? மூஞ்சியில காறித் துப்புவாங்க."

"துப்பலாம்."

"அந்தத் தாய்க்காரி அழுது தீத்துருவா."

"அழுவா."

"பெறகு இந்த ஊர்ல எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"கூப்பிடாமலும் போகலாம்."

ஆறுதலாக ஒரு வார்த்தை வராதா என்று அவர் மாஸ்டர் முகத்தையே பார்த்தார். வரவில்லை. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"ஒண்ணு பண்ணுதேன்," என்றார் தணிந்த குரலில். "வேன் கிளம்பட்டும். மாமன்காரன் முரடன், அவன் இருக்கையில வேண்டாம். அவன் போன பெறகு, ரெண்டு நாள் கழிச்சு, பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். கார்டு திடீர்னு கெட்டுப்போச்சுன்னு சொன்னா புரிஞ்சுக்கிடுவாங்க."

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதை விடுங்க மாஸ்டர். நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலை. இனிமே இப்படி ஆகக் கூடாதுல்லா? நம்பி வாங்க நல்ல கார்டு எது, அதைச் சொல்லுங்க."

மாஸ்டர் கம்ப்யூட்டரிலிருந்து அந்தச் செத்த கார்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுவே நல்ல கார்டுதான் அண்ணாச்சி. தன்னால முடியலைங்கதை முடியாத நேரத்துலயே ரெண்டு தடவை சொல்லிருச்சு. நீங்க இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லலை."