நல்ல நேரம் வரும்வரை அடக்கிக்கொள்ளும்

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. அவனுக்கு மந்திரி கொம்பையா. மாட்டுச் சந்தையில் தரகு பேசி, அடிபட்டு மிதிபட்டு மேலே வந்தவர். கோபம் மூக்குக்கு மேல். “சாணி வாசம் இன்னும் போகலை” என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர் அரண்மனை ஜோசியர் பஞ்சநதம்.

ராணி செண்பகவல்லிக்கு நாள் தாண்டியும் வலி வரவில்லை. அன்று விருந்து முடிந்து சபை கூடியிருந்தபோது மருத்துவச்சி இருளாயி ஓடிவந்தாள்.

“மகராசா, இத்தனை நாளும் பொறுத்தது சரி. காலையிலேருந்து பிள்ளை துள்ளல் குறைஞ்சுபோச்சு. இனிப் பொறுக்கக் கூடாது. வலி வர மருந்து கொடுக்கணும். ராணியம்மாவும் அதைத்தான் சொல்றாங்க.”

பஞ்சநதம் துள்ளி எழுந்தார். “கூடவே கூடாது! இன்று கெட்ட நாள். நாளை மறுநாள் குரு ஓரையில் பிறந்தால் பிள்ளை உலகாளும்!”

“அப்படியானால் பொறுப்போம்” என்றான் ராஜா.

கொம்பையாவுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கத்தினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வான். பல்லைக் கடித்துக்கொண்டு ஜோசியரைப் பார்த்தார். மாடு கால் மாற்றுவதை வைத்தே அதன் வயிற்றைச் சொல்கிற கண் அது. விருந்தில் செம்பு செம்பாகப் பானகம் குடித்த ஜோசியர், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொம்பையா போய் வாசலை மறித்தார்.

“வழி விடும் மந்திரி! கொல்லைப்பக்கம் போகணும்.”

“கெட்ட நாளிலா? நாளை மறுநாள் குரு ஓரையில் போகலாமே!”

“விளையாடாதீர்! இதற்கெல்லாமா நேரம் பார்ப்பார்கள்?”

“சரி, உமக்காகக் குறைக்கிறேன். நாளைக் காலை?”

“ஐயோ!”

“இன்று சாயங்காலம்? அதற்குக் கீழே எனக்குக் கட்டாது.”

“வயிறு வெடித்துவிடும் ஐயா! வெளியே வரவேண்டியது பஞ்சாங்கமா பார்க்கும்?”

ராஜாவின் வாயோரம் துடித்த சிரிப்பு, இருளாயியின் முகத்தைப் பார்த்ததும் அணைந்துபோனது.

“பானகத்தையே அடக்க முடியாதவர் பேச்சைக் கேட்டு என் பிள்ளையைத் தடுக்கப் பார்த்தேனே! இருளாயி, ஓடு! மருந்தைக் கொடு!”

கொம்பையா விலகினார். மேல்துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார் ஜோசியர்.

விடியலில் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தைக் கொடி சுற்றியிருந்தது. இருளாயி பதறாமல் விடுவித்து முதுகைத் தடவ, வீறிட்ட அழுகையில் அரண்மனையே விழித்துக்கொண்டது.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். “கொம்பையா, என்ன வேண்டும், கேள். ஊர் வேண்டுமா?”

“ஊர் வேண்டாம். பிள்ளை பெறுகிற அறையில் இனிச் சுமப்பவள் சொல்லும் மருத்துவச்சி சொல்லும்தான் செல்லணும்.”

“அரண்மனையில்தானே?”

“நாடு முழுக்க. இதில் பேரம் கிடையாது.”

“கொடுத்தேன்! அதை ஊர் ஊராக முரசறைந்து சொல்வது பஞ்சநதத்தின் வேலை.”

உள்ளேயிருந்து ராணி கூப்பிட்டாள். “அண்ணா, வாங்க. நீங்க வாசலை மறிச்சதாலதான் இவளுக்கு வாசல் திறந்துச்சு.” பிள்ளையை நீட்டினாள்.

கொம்பையா, மூலையில் கை கழுவிக்கொண்டிருந்த இருளாயியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பிள்ளையைக் கையில் வாங்கினார்.