டீ கிளாசும் உளுந்த வடையும்

ஒரு ஊர்ல ஒரு டீ கிளாசாம், ஒரு உளுந்த வடையாம். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு அவ்வளவு பிரியமாம். சிரிக்காத ஏட்டி, சிரிச்சா சித்தி கதை சொல்ல மாட்டேன். கண்ண மூடிக்க. உம் மட்டும் கொட்டு.

"ம்."

தின்னுற வடை இல்ல, குடிக்கிற டீயும் இல்ல. ரெண்டும் படம். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. அதுல இசக்கின்னு ஒரு அக்கா, கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் எல்லாம் அடிச்சுக் குடுப்பா. பிப்ரவரி மாசம் காதலர் தினம் வருதுல்ல, அப்போ பிள்ளைங்க போன்ல அனுப்பவும் அட்டையில ஒட்டவும் படம் கேட்டு வருவாங்க. வருசா வருசம் அதே ரோசாப்பூ, அதே கரடி பொம்மைன்னு இசக்கிக்குச் சலிச்சுப் போச்சு. அதனால அவளே மவுஸ டிக் டிக்னு தட்டி, மூணு நாளா உக்காந்து ஒரு படம் வரைஞ்சா. வடைக்கு ரெண்டு கண்ணு, ரெண்டு காலு, சிவந்த கன்னம். டீ கிளாசுக்கு ஒரு மீசை. ரெண்டும் கை கோத்துக்கிட்டு நிக்கும். டீயில இருந்து புஸ்ஸுனு கெளம்புற ஆவி, வடை தலைக்கு மேல இதயமா வளைஞ்சு நிக்கும்.

இசக்கி மத்தியானம் சாப்பிடப் போனதும் கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டும் பேச ஆரம்பிச்சிரும். "நம்மள யாரும் பிரிச்சிர மாட்டாங்கல்ல?"ன்னு வடை கேப்பா. "நான் கைய விட்டாத்தான ஏ புள்ள"ம்பான் டீ. அவளுக்கு அது போதும்.

அப்புறம் ஒரு நாள் காலேஜ் பையன் ஒருத்தன் வந்தான். படம் நல்லாருக்கு, ஆனா எல்லாம் ரோஸ் கலர்ல வேணும்னான். இசக்கி டிக்குனு தட்டினா. ரெண்டும் தலையில இருந்து காலு வரைக்கும் ரோஸ். வடை பயந்து போனா. ஆனா இசக்கி கெட்டிக்காரி. மாத்தின படத்துக்கு வேற பேரு குடுத்துச் சேவ் பண்ணுவா. பழைய படம் பழைய பேர்ல பத்திரமா இருக்கும். பழைய பேர்லயே சேவ் பண்ணினா பழசு அழிஞ்சே போயிரும், தெரியும்ல?

"ம்."

அப்புறம் ரெண்டாவதா ஒரு டீச்சர் வந்தாங்க. கைவேலை வகுப்புக்கு அறுபது தாள் வேணும்னாங்க. பிரிண்டர் கர்ர்ர்னு அறுபது தாளத் துப்புச்சு. அதுல ரெண்டு தாள் டீச்சர் கூட வந்த ஒரு வாண்டு கையில கடையிலயே சிக்கிருச்சு. கத்திரிக்கோல வெச்சு கரக் கரக்னு நடுவுல வெட்டி, டீ ஒரு பக்கம், வடை ஒரு பக்கம். கம்ப்யூட்டருக்குள்ள இருந்து பாத்த வடைக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா அழ முடியல. வாய் சிரிக்கிற மாதிரில்ல வரைஞ்சிருக்கு. "அது காகிதம் புள்ள, நாம இங்கதான இருக்கோம்"னு டீதான் தேத்துனான்.

அப்புறம் மூணாவது. காதலர் தினத்துக்கு மொத நாளு. கடையில கால் வைக்க இடமில்ல. நர்ஸ் வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி ஓடி வந்தா. "அக்கா, எங்க ஆளு டீயத் தொடவே மாட்டாரு, காபிதான். டீய எடுத்துட்டு காபி டம்ளர் வெச்சுக் குடுங்க. பஸ்சு கெளம்பிரும்"னா. பாவம், அவ மேலயும் தப்பில்ல. இசக்கி கம்ப்யூட்டர்ல இருக்குற ரப்பர வெச்சு சரக் சரக்னு அழிச்சா. மீசை போச்சு. ஆவி போச்சு. கடைசியா, கோத்திருந்த கை போச்சு. அந்த இடத்துல ஒரு பித்தளை டம்ளரக் கொண்டாந்து வெச்சா. வெளியில பஸ்சு பாம் பாம்னு அடிச்சுது. அந்த அவசரத்துல வேற பேரு குடுக்க மறந்துட்டா. பழைய பேர்லயே சேவ் பண்ணி, டப்புனு மூடிட்டா.

தூங்கிட்டியா?

"இல்ல சித்தி. டீ எங்க போனான்?"

எங்கயும் போகல கண்ணு. இல்லாமப் போயிட்டான்.

காபி டம்ளர் நல்லவன்தான். "நான் கேட்டு வரல தாயி, என்னக் கொண்டாந்து வெச்சுட்டாங்க"ன்னான். வடையோட கை அவன் கையிலதான் இருந்துச்சு, வரைஞ்சது அப்படி. பாக்குறவங்க எல்லாம் என்ன சந்தோசமா இருக்கு பாருன்னாங்க.

"இசக்கி அக்கா திரும்ப வரைஞ்சா வந்துருவான்ல?"

வரைஞ்சா. மறுநாள் படத்தத் திறந்து பாத்ததும் அவளுக்குப் பகீர்னு ஆயிருச்சு. காபிய எடுத்துட்டு, டீச்சருக்கு அடிச்ச காகிதம் ஒண்ணத் தேடிப் பிடிச்சு, அதப் பாத்துப் பாத்து திரும்ப வரைஞ்சா. அதே கிளாசு, அதே மீசை, அதே ஆவி. ஒரு துளி வித்தியாசம் இல்ல. கையையும் கோத்து விட்டா. அப்பாடான்னு கும்பிட்டுட்டு சாப்பிடப் போனா.

வடை ஆசை ஆசையாத் திரும்பிப் பாத்தா. வந்துட்டியான்னு கேட்டா. அவன் அவளையே பாத்தான். பாத்துட்டு, ரொம்பப் பணிவாக் கேட்டான்.

"நீங்க யாருங்க?"

அதுக்கு முன்னால ஒரு நாளும் அவன் அவள நீங்கன்னு சொன்னதில்ல ஏட்டி. அவ சிரிச்ச வாய் சிரிச்சபடியே நின்னா. பொய்யா முடிச்சுத் தூங்க வைக்க சித்திக்குத் தெரியாது.

வடை சொன்னா, "உங்க பக்கத்துல நிக்கிறவ."

"அப்படிங்களா, சந்தோசங்க"ன்னான்.

கதை தீந்துபோச்சு, கண்ணு சொக்கிப்போச்சு. இந்தா, சித்தி கையப் பிடிச்சுக்க. தூங்கு.