பாடைச்சுழிக் காளை வழக்கு

செம்மலைக்கோட்டையில் விருத்தகிரி என்று ஒரு மகா மேதை இருந்தார். மாட்டின் மேல் மயிர் சுழித்திருப்பதைப் பார்த்தே, வாங்கினவன் வாழ்வானா, மண்டையைப் போடுவானா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஞானம்! ஆனால் அந்த ஞானத்துக்கு ஒரே ஒரு பத்தியம் உண்டு. யார் வீட்டில் சாப்பிட்டாரோ அவர்களுக்குச் சாதகமாகத்தான் அது வேலை செய்யும்.

படைத்தலைவரின் மைத்துனன் மல்லப்பன், அங்காயி என்ற ஏழைப் பெண்ணிடம் ஒரு காளை வாங்கினான். மூன்றாம் நாள் அவன் வீட்டுக் கூரை சரிந்தது. உத்திரத்தைக் கரையான் தின்று பத்து வருஷமாச்சு என்பது ஊருக்கே தெரியும். அவனோ காளையை அவைக்கு இழுத்து வந்தான்.

"மன்னா, கெட்ட சுழியை மறைத்து விற்றுவிட்டாள். சுழியை மறைத்து விற்றவர் நஷ்டத்துக்கு ஈடு தரவேண்டும் என்பது வழக்கம். அதற்கு இவளுடைய கிணற்று நிலம் எனக்கு வரவேண்டும்!"

அந்த நிலத்தின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

சாட்சி சொல்ல விருத்தகிரி எழுந்தார். மல்லப்பன் வீட்டு நெய்ச்சோறு ஏப்பமாக வந்தது. காளையின் முதுகைத் தடவினார்.

"பாடைச்சுழி மன்னா! சந்தேகமே இல்லை. வைத்திருப்பவன் வீட்டில் பாடை கட்டுவது உறுதி."

அங்காயி ஓவென்று அழுதாள். "மகராசா, அந்த நிலம் போனால் நானும் என் பிள்ளைகளும் தெருவில்தான் நிற்கணும்!"

அவையின் விகடப் புலவன் மருதவாணனுக்கு உள்ளே கோபம் பொங்கியது. முகத்தில் மட்டும் பக்தி வழிந்தது.

"ஐயா, இந்தச் சுழி எப்போதாவது மாறுமா?"

"அதெப்படி மாறும்? பிறந்தபோது வந்தது. செத்தால்தான் போகும்."

"நல்லது" என்று மருதவாணன் கயிற்றை வாங்கி மன்னர் கையில் கொடுத்தான். "மன்னா, பட்டத்துக் காளை போன வாரம் செத்துப்போச்சே. இனிமேல் இதுதான் அரண்மனைக் காளை."

அவன் கண்ணடித்ததை மன்னர் கவனித்தார். "சரி, எனக்கே இருக்கட்டும்" என்றார்.

"ஐயா, இப்போது சொல்லுங்கள். அரண்மனையில் பாடை என்றைக்குக் கட்டலாம்?"

விருத்தகிரிக்கு வேர்த்துக் கொட்டியது. குனிந்து மறுபடி பார்த்தார்.

"அடடே! வெளிச்சம் போதவில்லை மன்னா. இது பாடையே இல்லை, பல்லக்கு! பல்லக்குச் சுழி! பட்டத்துக் காளைக்கென்றே பிரமன் போட்டது!"

"அப்படியா சங்கதி! மன்னா, கயிற்றை மல்லப்பனிடமே கொடுத்துவிடுங்கள். ஐயா, இப்போது?"

விருத்தகிரி மன்னரைப் பார்த்தார். மல்லப்பனைப் பார்த்தார். காளையைப் பார்க்கவேயில்லை.

"கயிறு கடைசியில் யார் கையில் நிற்கும் என்று சொல்லிவிட்டால், ஒரே முடிவாகச் சொல்லிவிடுவேன்" என்றார் பரிதாபமாக.

அவையே குலுங்கியது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை.

"யார் கூப்பிட்டு வந்தாலும் இங்கே நின்று பேசும்போது நீர் இந்த அவைக்குத்தான் ஆள். யார் வீட்டுச் சோறு தின்றீர் என்று நான் கேட்கவில்லை, கண்டதைத்தான் கேட்டேன். மல்லப்பா, வழக்கு தள்ளுபடி. நிலம் அங்காயிக்கே!"

அங்காயி கும்பிட்ட கையை இறக்கவேயில்லை.

"மருதவாணா, இந்த மேதையை என்ன செய்யலாம்?"

மருதவாணன் விருத்தகிரியின் தலைப்பாகையைப் பணிவாகக் கழற்றினான். உச்சந்தலையை விரலால் விலக்கி உற்றுப் பார்த்தான்.

"பாவம், விட்டுவிடுங்கள் மன்னா. பிறவி அமைப்பு அப்படி. இவருக்கு இரட்டைச் சுழி. ஒன்று வாதிக்கு, இன்னொன்று பிரதிவாதிக்கு!"