ஒச்சப்பனின் சுண்டுவிரல் தோட்டா

மலையடிவாரத்தில் மந்திப்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. மந்திப்பாறைக்காரர்கள் அதைக் கேட்டுக் கோபப்பட்டதே கிடையாது. பக்கத்து ஊரைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, பக்கத்து ஊர்க்காரர்களுக்காகப் பெருமூச்சு விடுவார்கள்.

அங்கே ஒச்சப்பன் என்பவன் மலையை ஒட்டிக் கடலை போட்டிருந்தான். செடி பூத்து, காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு கொம்பன் கடமான் இறங்கியது. தினம் பொழுது சாய வரும், வயிறு முட்டத் தின்னும், ஏப்பம் விடாத குறையாகத் திரும்பிப் போகும். ஒச்சப்பன் சும்மா இருக்கவில்லை. கொல்லை வாசலுக்கு ஒரு மூங்கில் படல் செய்து கயிற்றால் இறுக்கிக் கட்டினான். வேலி போடவில்லை, படல் மட்டும்தான். மான் படல் இல்லாத பக்கமாக வந்தது. வாசல் இருக்க, கண்ட பக்கமும் நுழைவது நியாயமா என்று ஒச்சப்பன் அதனிடமே கேட்டான். மான் மென்றுகொண்டே அவனைப் பார்த்தது.

அவன் மனைவி செவனம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தா பாரு, இன்னும் ஒரு பாத்தி போச்சு, எங்கப்பா குடுத்த துப்பாக்கியையும் தூக்கிக்கிட்டு, என்னையும் தூக்கிக்கிட்டு, எங்க ஊருக்குப் போயிருவேன்."

ஒச்சப்பன் பயந்துபோனான். துப்பாக்கியே கனம். அதோடு தன்னையும் தூக்கிக்கொண்டு அவள் எப்படி அவ்வளவு தூரம் நடப்பாள்? இடுப்புப் பிடித்துக்கொள்ளுமே! அப்படி ஒரு கஷ்டம் அவளுக்கு வரவிடக் கூடாது என்று மானைச் சுடத் துணிந்தான்.

அந்தக் காலத்தில் காடு ஜமீனுக்குச் சொந்தம். பயிரைத் தின்கிற மானைச் சுடலாம், ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. தண்டோராக்காரன் ஊருக்கு ஊர் வந்து சொல்லிவிட்டுப் போனான்:

"மான் வேட்டைக்குப் போறவுக தோட்டாக் கூடு சுண்டுவிரல் நீளத்துக்கு மேல இருக்கப்படாது! கூடுதலா இருந்தா வெட்டிக் குறைச்சு, சாவடியில அளந்து காட்டிட்டுத்தான் காட்டுப் பக்கம் போகணும்!"

ஒச்சப்பன் வீட்டில் மாமனார் கொடுத்த தோட்டாக்கள் ஒரு தகரடப்பாவில் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு கொல்லன் சந்தனத்தின் பட்டறைக்குப் போனான். மொக்கைச்சாமி மாமா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்தச் சிக்கலானாலும் அவரிடம்தான் போவார்கள். போன பிறகு அது வேறு சிக்கலாகிவிடும் என்பதால், பழைய சிக்கல் தீர்ந்ததாகக் கணக்கு.

"சுண்டுவிரல்னா யாரு சுண்டுவிரல் மாமா?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

மொக்கைச்சாமி கண்ணை மூடித் திறந்தார். "சட்டம் ஜமீன்தாரோடது. அப்ப விரலும் அவரோடதுதான் மாப்ள."

"அவரு விரலை எரவலாத் தருவாராண்ணே?" என்றான் சந்தனம்.

"கேட்டுப் பாக்கலாம். ஆனா அவரு அதை வச்சுத்தானே காது குடைவாரு? திருப்பித் தர நாளாச்சுன்னா கோவிப்பாரு."

அது சரியாகப் பட்டது. ஆகவே ஊரிலேயே நீளமான சுண்டுவிரலைத் தேடினார்கள். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. பட்டறையில் இருந்த மூவரில் சந்தனத்தின் விரல்தான் நீளம். தோட்டாவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பித்தளைக் கூடு ஒரு நெல்மணி அளவு தூக்கலாக இருந்தது.

"ஒரு நெல்லுக்காகப் பித்தளையை வெட்டுறதா?" என்றார் மொக்கைச்சாமி. "பித்தளை விக்கிற விலையில? விரலை ஒரு நெல்லு நீட்டிட்டா வேலை முடிஞ்சது."

சந்தனத்துக்கும் அது சிக்கனமாகத் தோன்றியது. விரலில் விளக்கெண்ணெய் தடவினார்கள். சந்தனம் பட்டறைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மாமனும் மாப்பிள்ளையும் விரலைப் பிடித்து இழுத்தார்கள். சந்தனம் போட்ட சத்தத்தில் கிணற்றடியில் நின்ற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் விரல் புசுபுசுவென்று வீங்கியது.

ஒச்சப்பன் குனிந்து அளந்தான். "நீளம் கூடல மாமா. அகலந்தான் கூடியிருக்கு."

"சட்டத்துல அகலத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே," என்று வருத்தப்பட்டார் மொக்கைச்சாமி.

விரல் நீளாது என்று தெரிந்தபின், தோட்டாவைச் சுருக்க வழி பார்த்தார்கள். யோசனை ஒச்சப்பனுடையது. தீபாவளிக்கு எடுத்த வேட்டியை வெந்நீரில் போட்டதும் அது முழங்காலுக்கு ஏறிவிட்டது அவனுக்கு ஞாபகம் வந்தது. தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய், ரசம் வைக்கிற ஈயப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தான். செவனம்மா எட்டிப் பார்த்தாள்.

"உப்புப் போட்டியா?"

"இதுக்கு எதுக்குடி உப்பு?"

"உப்புப் போடாம எது வெந்திருக்கு?" என்று ஒரு கை அள்ளிப் போட்டாள். அகப்பையால் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "இன்னும் வேகல. கல்லு மாதிரிக் கெடக்கு. எங்கப்பா நல்ல சரக்குத்தான் குடுத்திருக்காரு."

பொழுது மதியம் தாண்டியும் தோட்டாக்கள் சுருங்கவில்லை. பளபளப்பு மட்டும் கூடியிருந்தது. அன்று வைத்த ரசம் பித்தளை வாடை அடித்தது. ஒச்சப்பன் அதைக் குடித்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினான்.

"இனி வெட்டித்தான் ஆகணும்," என்றான் சந்தனம், வீங்கிய விரலை ஊதிக்கொண்டே. "எந்தப் பக்கம் வெட்டுறதுண்ணே?"

அது பெரிய கேள்வி. மூன்று பேரும் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு தோட்டா நின்றது.

"முன்னால குண்டு இருக்கு," என்றான் ஒச்சப்பன். "அதை வெட்டினா மானுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

"பின்னால கேப்பு இருக்கு. அதுலதான் தட்டணும். அதை வெட்டினா எங்க தட்டுறது?" என்றான் சந்தனம்.

"அப்ப நடுவுல?" என்றார் மொக்கைச்சாமி. "நடுவுல என்ன இருக்கு?"

சந்தனம் குறட்டால் குண்டைப் பிடுங்கி, கூட்டுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். "மருந்து இருக்குண்ணே."

"மருந்தா? மாப்ள, ஒனக்கு ஒடம்பு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு மாமா."

"செவனம்மாளுக்கு?"

"கல்லு மாதிரி இருக்கா."

"மானுக்கு?"

"ஒரு பாத்தி விடாம மேயுது. அதுக்கு என்ன கேடு?"

"பெறகு யாருக்கு மருந்து?" மொக்கைச்சாமி தொடையில் தட்டினார். "சீக்குக்காரன் இல்லாத ஊர்ல மருந்தை அடைச்சு வச்சுக்கிட்டு, கூடு நீளம் கூடு நீளம்னு கெடந்து அடிச்சுக்கிறோம்! கொட்டு கீழ. கூட்டை ஒரு நெல்லு வெட்டு. குண்டைத் திருப்பி அமுக்கு."

ஒச்சப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு மூளையைப் பெற்ற ஊரில் பிறந்தோமே என்ற நன்றி அவனுக்கு.

எல்லாத் தோட்டாவிலும் குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டினார்கள். வெந்நீர் எங்கோ புகுந்து அது கறுப்புக் களியாக இருந்தது. மருந்தை வீணாக்க ஒச்சப்பனுக்கு மனசு வரவில்லை. ஊரில் ஆகச் சீக்காளி யார் என்று பார்த்தால், சந்தனத்தின் விரல்தான். அள்ளி அதன்மேல் கெட்டியாகப் பத்துப் போட்டு, மிச்சத்தைத் தூக்கி எறிந்தார்கள்.

"ஜில்லுனு இருக்குண்ணே," என்று சொல்லிவிட்டுச் சந்தனம் இரும்பு அறுக்கிற வாளை எடுத்து வெட்ட உட்கார்ந்தான். உலைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். மற்ற தோட்டாக்களை வெட்டி முடித்துக் கடைசித் தோட்டாவுக்கு வருவதற்குள் உலைச் சூட்டில் பத்து நன்றாகக் காய்ந்துவிட்டது. வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினான். ஒரு பொறி பறந்து வந்து விரல்மேல் உட்கார்ந்தது.

'புஸ்ஸ்' என்று ஒரு வெளிச்சம். புகை விலகியபோது சந்தனம் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மீசையில் பாதியும், ஒரு புருவமும் மட்டும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்று ஒச்சப்பன் பதறினான்.

சந்தனம் யோசித்துப் பார்த்தான். "விரல் வலி தெரியலண்ணே. மூஞ்சிதான் எரியுது."

"மருந்து வேலை செய்யுது," என்றார் மொக்கைச்சாமி. "வலியை விரல்லேருந்து மேல ஏத்திருச்சு. இனி அப்படியே தலை வழியா வெளிய போயிரும்."

மறுநாள் தோட்டாக்களை மடியில் கட்டிக்கொண்டு மூவரும் ஜமீன் சாவடிக்குப் போனார்கள். சாவடி மணியக்காரர் கண்டிப்பானவர். ஒவ்வொரு தோட்டாவையும் அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தார். அளக்கத்தான் அவருக்கு உத்தரவு. தூக்கிப் பார்க்கவோ ஆட்டிப் பார்க்கவோ உத்தரவில்லை. அதனால் தூக்கவில்லை, ஆட்டவில்லை.

"கச்சிதமா வெட்டியிருக்கீங்களே!" என்று அவர் சொன்னபோது ஒச்சப்பனின் நெஞ்சு ஒரு சாண் விம்மியது. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. குட்டிக் கொம்பு மானைச் சுடக்கூடாது. கொம்பு முழத்துக்குக் குறையாம இருக்கான்னு அளந்துக்கிட்டுத்தான் சுடணும்."

"அளந்துக்கிட்டே சுடுறோமுங்க அய்யா," என்றான் ஒச்சப்பன்.

அன்று பொழுது சாய மூவரும் கடலைக் கொல்லையில் பதுங்கினார்கள். மான் வந்தது, வழக்கம்போல் படல் இல்லாத பக்கமாக. சந்தனத்தின் கையில் துப்பாக்கி. அளக்க வேண்டியது கொல்லைக்குச் சொந்தக்காரன் பொறுப்பு என்று மொக்கைச்சாமி தீர்ப்புச் சொல்லிவிட்டதால், ஒச்சப்பன் எழுந்து மானை நோக்கி நடந்தான். பாதி வழியில் திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தான். துப்பாக்கியையும் தன்னையும் சுமந்துகொண்டு மலைப்பாதையில் தள்ளாடிப் போகிற செவனம்மாவை நினைத்துக்கொண்டான். மேலே நடந்தான்.

மான் அவனை நாள்தோறும் பார்க்கிற மான். இன்றைக்கு என்ன கேட்கப்போகிறானோ என்று தலையைக் குனிந்து மென்றுகொண்டிருந்தது. ஒச்சப்பன் கொம்பின் அடியில் முழங்கையை ஊன்றி விரலை நீட்டினான்.

"ஒண்ணே கால் முழம்!" என்று கத்தினான். "சுடுறா!"

"நகருண்ணே!"

"அளந்துக்கிட்டே சுடணும்னாருடா மணியக்காரரு! கையை எடுத்தா குத்தம்!"

சந்தனம் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தான். 'டிக்' என்றது.

மான் ஒரு கடலைச் செடியை வேரோடு பிடுங்கி மென்றது.

"சத்தமே இல்லையேண்ணே," என்றான் சந்தனம்.

"தோட்டாவைக் குட்டையாக்கிட்டோம்ல, சத்தமும் குட்டையா வருது," என்றார் மொக்கைச்சாமி, எழுந்து வந்துகொண்டே.

"மான் அப்படியே நிக்குதே மாமா?"

மொக்கைச்சாமி மானை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் கண்ணுக்குள் பார்த்தார். மூன்று பேரும் அவர் சொல்லப்போவதற்குக் காத்திருந்தார்கள். மூன்றாவது, மான்.

"தோட்டா சட்டப்படி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கொம்பு அளந்தியா?"

"இப்பவும் அளந்துக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்."

"விசையை இழுத்தானா?"

"இழுத்தேன்."

"அப்ப மான் செத்துப்போச்சு. சட்டத்துல ஒரு கொறையும் இல்லை. இந்தா நிக்கிறது அதோட ஆவி."

ஒச்சப்பன் சட்டென்று கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டான். மூவரும் தலையைக் குனிந்து சற்று நேரம் நின்றார்கள். நல்ல மான், கடைசி வரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை என்று சந்தனம் சொன்னான்.

வீட்டுக்குப் போய் ஒச்சப்பன் சேதி சொன்னதும் செவனம்மா பூரித்துப்போனாள். மறுநாள் கொல்லையில் மானைப் பார்த்தபோதும் அவள் ஏமாறவில்லை. ஆவி என்று முன்பே சொல்லியிருந்தார்களே. ஆனால் நம் கொல்லையில் உயிர் விட்டதைப் பட்டினி போட்டால் பாவம் வருமே என்று பயந்து, ஆய்ந்த கடலையை ஒரு முறத்தில் பரப்பி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுப் படைத்தாள். மான் சூடம் அணையும் வரை காத்திருந்து முறத்தைக் காலி செய்தது. படையலை ஏற்றுக்கொண்டது என்று ஊரே மெச்சியது. பிறகு வீட்டுக்கு வீடு முறை வைத்துப் படைத்தார்கள். அந்த வருஷம் மந்திப்பாறையில் ஒரு கடலைகூட மான் தின்று நஷ்டமானது என்ற பேச்சே இல்லை. எல்லாம் படையலுக்கே சரியாகப் போய்விட்டது.

அடுத்த மழைக்காலம் முடிந்து ஒரு நாள் அந்த ஆவி தனியாக வரவில்லை. பக்கத்தில் ஒரு பெண்மான், அதன் காலடியில் தள்ளாடித் தள்ளாடி ஒரு குட்டி. ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. மொக்கைச்சாமி முன்னால் போய், குட்டியை உச்சி முதல் குளம்பு வரை பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண் கலங்கிவிட்டது.

"பச்சை மண்ணு மாப்ள," என்றார் ஒச்சப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு. "பொறக்கும்போதே செத்துப் பொறந்திருக்கு."

குட்டி ஒரு துள்ளுத் துள்ளி ஓடியது. பெண்கள் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.