குழாய்க்குள் இருந்த தேன்

மலைமேல் சோலைக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஓர் ஆர்கிட் செடி வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் வால் போல ஒரு நீளக் குழாய். மண்ணுக்கடியில் கொழுத்த கிழங்கு.

அந்தப் புல்வெளியில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கும் தேன் கொடுக்காத செடியின் கிழங்கு காட்டுப்பன்றிக்குச் சொந்தம். பூக்களைச் சோதித்துச் சொல்வது கருவண்டின் வேலை.

வண்டு பூவுக்குள் தலையை விட்டது. நாக்கை நீட்டித் துழாவியது. ஒரு சொட்டுகூட இல்லை!

"பன்றி மாமா! ஓடி வாங்க! இது சுத்த ஏமாற்றுச் செடி! வெளியே வெள்ளைச் சட்டை, உள்ளே வெறும் காற்று!"

பன்றி ஓடி வந்த வேகத்தில் அடுத்த மலையில் பலாப்பழங்கள் உதிர்ந்தன.

"ஐயோ மாமா, பொறுங்க!" என்று பதறியது செடி. "தேன் குழாயின் அடியில் இருக்கிறது. சாயங்காலம் என் விருந்தாளி வருவார். அதுவரை கிழங்கு கால் முளைத்து ஓடிவிடுமா?"

"கதை விடுகிறது மாமா! எனக்குத் தெரியாத தேனா!" என்றது வண்டு.

"சரி, பார்ப்போம். ஆள் வரவில்லையென்றால் உன் கிழங்குதான் எனக்கு ராத்திரிச் சாப்பாடு!" என்று பன்றி பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

வெயில் இறங்கியது. பூக்கள் மணத்தன. யாரும் வரவில்லை. பன்றி எழுந்து மூக்கால் மண்ணைக் கிளறியது. ஒரு வேர் அறுந்தது!

அப்போது விர்ரென்று வந்தது ஓர் அந்துப்பூச்சி. சுருட்டி வைத்திருந்த நாக்கை விரித்தது. அதன் நீளத்தை உள்ளபடி சொன்னால் நம்பமாட்டீர்கள். பாதியாகக் குறைத்தே சொல்கிறேன், பன்றியின் வாலைவிட இரண்டு விரற்கடை அதிகம்!

நாக்கு குழாயின் அடிவரை இறங்கியது. "ஆகா! என்ன ருசி!"

பூச்சி நிமிர்ந்தபோது அதன் கண்களில் மஞ்சள் மகரந்த உருண்டைகள் குட்டிக் காம்போடு ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தன.

"இதென்ன, முகத்தில் கொம்பு?" என்று கேட்டது பன்றி.

"மேட்டில் இதன் சொந்தக்காரச் செடி இருக்கிறது. அதற்குச் சீர் கொண்டுபோகிறேன், மாமா!" என்று பூச்சி பறந்துவிட்டது.

பன்றி வண்டின் பக்கம் திரும்பியது. "வெறும் காற்று என்றாயே!"

"குழாய் ரொம்ப நீளம், மாமா..."

"உன் நாக்கு குட்டை என்று சொல்லேன்டா!"

கிளறிய மண்ணை மூக்காலேயே தள்ளி மூடிவிட்டுப் பன்றி நடையைக் கட்டியது. சில மழைக்காலம் கழித்து மேடெல்லாம் வெள்ளைப் பூ! வண்டு இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் "இல்லை" என்று சொல்வதில்லை. "எனக்கு எட்டவில்லை" என்கிறது.

தனக்கு எட்டாததை இல்லை என்று அடித்துச் சொல்கிறவன், ஒரு பாவமும் அறியாதவரின் வேரை அறுக்கிறான்.